காவி உடுத்தும் பெயர் பெறாதார்

தம்புள்ளையிலிருந்து அநுராதபுரம் செல்லும் பஸ் வண்டியொன்றில் எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் நான் கண்ட காட்சியொன்று இன்றும் என் நினைவை விட்டு அகலவில்லை. உந்துவப் போயா தினத்துக்கு முதல்நாள் அது. அசோக மன்னனின் மகள் சங்கமித்தை வெள்ளரசின் கிளையுடன் இலங்கைக்கு வந்ததை நினைவுகூரும் நாளே உந்துவப் போயா ஆதலின், வண்டி முழுவதும் வெள்ளாடை அணிந்த யாத்திரிகர் கூட்டம். முன்பக்கத்தில் மதகுருமாருக்கென ஒதுக்கப்பட்ட இருவர் ஆசனத்தில், தம்புள்ளையில் ஏறிய இளம் பிக்கு ஒருவர் தனியே அமர்ந்திருந்தார். இருபது வயதுக்கு மேல் இராது. கெக்கிராவையில் வண்டி நின்றபோது, தலை மழித்துக் காவி உடுத்த ஒரு முதிய பெண்மணி, கையில் துணிப்பையுடன் சிரமப்பட்டு ஏறினார்.

நடத்துநர் அவரைப் பார்த்தார். பிக்குவின் அருகே வெறுமையாகக் கிடந்த இடத்தையும் பார்த்தார். பின் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக் கொண்டார். அவர்மீது குற்றமில்லை. மதகுரு என்ற வகையில் அந்த ஆசனம் அம்மையாருக்கு உரியது. பெண் என்ற வகையிலோ, ஒரு பிக்குவின் அருகில் அமர்வது அவருக்கு ஆகாதது. ஆகவே, வண்டியில் ஏறிய துறவிகள் இருவருள் ஒருவர் இருக்க, மூத்தவரான மற்றவர் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றார். நான் எழுந்தேன். என் அருகிலிருந்த சிங்களத் தாயொருத்தி தன் பிள்ளையை மடியில் எடுத்துக்கொண்டு, எழ வேண்டாமென்று என்னையும் இழுத்து அமர்த்தி, அம்மையாருக்கு நடுவில் இடம் செய்து கொடுத்தாள். அநுராதபுரம் வரை மூவரும் நெருக்கிக்கொண்டு சென்றோம்.

வழியில் பேச்சுக் கொடுத்தேன். அவர் தசசில் மாதாவா, பிக்குணியா என்பது என் ஐயம். தாம் பத்தொன்பதாம் வயதில் வீட்டை விட்டு வந்ததாகவும், நெடுங்காலம் தசசில் மாதாவாக இருந்து, பின்னர் தம்புள்ளையில் உபசம்பதை பெற்றதாகவும் கூறினார். ஆயினும், ஏதோவொரு படிவம் நிரப்பச் சென்ற அலுவலகத்தில், பிக்குணி என்று ஒரு வகை இல்லை, பெற்றோர் இட்ட பெயரை எழுதுங்கள் என்றார்களாம். தலைமயிரோடு சேர்த்து வீட்டில் விட்டு வந்த பெயரை அறுபது வயதில் எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்று கேட்டார். சினமின்றித்தான் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் எத்தனை நூற்றாண்டுகள் கிடக்கின்றன என்பதைத் தேடிப் படிக்கத் தூண்டியது அவ்வுரையாடலே.

பௌத்தத்தை நன்கறியாத நம்மவர்க்காக ஒரு விளக்கம். தசசில் மாதா என்பவர் பத்துச் சீலங்களை மேற்கொண்டு, காவி உடுத்து, இல்லறம் துறந்து வாழும் பெண். ஊரார் அவரை 'மாணியோ' என்று மரியாதையுடன் அழைப்பர். ஆனால், விநய நூல்களின்படி அவர் சங்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். கண்டிப்பாகப் பார்த்தால் உபாசிகையே. உபசம்பதை என்னும் முழுத்துறவுச் சடங்கினைப் பெற்றவளே பிக்குணி. இச்சடங்கை நிறைவேற்றப் பிக்குகள் சங்கம், பிக்குணிகள் சங்கம் ஆகிய இரண்டும் வேண்டும் என்பது விதி. பிக்குணிகளே இல்லாத நாட்டில் புதிய பிக்குணி எவ்வாறு தோன்றுவாள்? இந்த முடிச்சே இலங்கைப் பெண் துறவியரின் வரலாறு முழுவதையும் இறுக்கிப் பிடித்திருப்பது.

விந்தை என்னவெனில், இம்முடிச்சு இலங்கையில் முதல் நாளிலேயே விழுந்தது. தேவநம்பிய தீசன் காலத்தில் அனுலா என்னும் அரச குலப்பெண் துறவு வேண்டி மகிந்த தேரரிடம் வந்தபோது, பெண்ணுக்குத் துறவளிக்கும் உரிமை தமக்கில்லை என்றும், தம் தங்கை சங்கமித்தையை வரவழைக்க வேண்டும் என்றும் அவர் கூறியதாக மகாவம்சம் தெரிவிக்கின்றது. கடல் கடந்து தூது போயிற்று. இடைப்பட்ட காலத்தில் அனுலா என்ன செய்தாள் என்பதையும் அந்நூல் கூறத் தவறவில்லை. தன் தோழியருடன் பத்துச் சீலங்களை ஏற்று, காவி உடுத்து, நகரின் ஒருபுறத்தே அமைத்த உறையுளில் தங்கிக் காத்திருந்தாள். ஆக, இலங்கையின் முதற் பிக்குணி, பிக்குணியாவதற்கு முன் ஒரு தசசில் மாதாவாகவே இருந்தாள். அவளுக்குக் கப்பல் வந்தது. அவளுக்குப் பின் வந்தவர்களோ கப்பலுக்காக ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அக்கதைக்கு வருமுன், சீனத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கி.பி. 429 ஆம் ஆண்டில் நந்தி என்னும் மாலுமியின் கப்பலில் இலங்கைப் பிக்குணிகள் சிலர் இன்றைய நான்சிங் நகரைச் சென்றடைந்தனர். சீனப் பெண்களுக்கு முறைப்படி உபசம்பதை அளிக்க அவர்களின் தொகை போதவில்லை. அவர்கள் திரும்பி வந்துவிடவில்லை. சீன மொழியைக் கற்றுக்கொண்டு அங்கேயே தங்கினர். சில ஆண்டுகளின் பின், 433 ஆம் ஆண்டையொட்டி, தேவசாரா எனக் கருதப்படும் தேரியின் தலைமையில் மேலும் பதினொருவர் வந்து சேர்ந்தனர். அதன்பின் முந்நூறுக்கும் மேற்பட்ட சீனப் பெண்கள் இரு சங்கத்தார் முன்னிலையில் உபசம்பதை பெற்றனர். ஆறாம் நூற்றாண்டில் சீன மொழியில் தொகுக்கப்பெற்ற பிக்குணிகள் வரலாற்று நூல் இதனைப் பதிந்து வைத்திருக்கிறது. அச்சங்கம் சீனத்திலிருந்து கொரியாவுக்கும் பரவி இன்றும் நிலைத்திருக்கின்றது.

கொடுத்த நாட்டில் அது அழிந்தது. கி.பி. 993 இல் இராசராச சோழனின் படை அநுராதபுரத்தை வீழ்த்தியது. 1017 இல் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டான். தஞ்சைப் பெருங்கோயிலின் பெருமையைச் சொல்லும் நாம், அதே காலத்தில் அநுராதபுரத்து மடங்கள் பாழடைந்ததையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. பிக்குகள் சங்கமும் குலைந்தது. பிக்குணிகள் சங்கமும் குலைந்தது. ஆனால், கதை அங்கே முடிவதாகச் சொல்லிப் பழியனைத்தையும் சோழர் தலையில் ஏற்றுவோர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. சோழரை வெளியேற்றிய முதலாம் விஜயபாகு, பர்மாவிலிருந்து பிக்குகளை வருவித்துப் பிக்கு சங்கத்தை மீள நிறுவினான். பிக்குணி சங்கத்தை நிறுவவில்லை. பர்மாவின் பகான் காலக் கல்வெட்டுகளில் பெண் துறவியர் பற்றிய குறிப்புகள் உண்டு என்பர் ஆய்வாளர். மீண்டும் பிக்கு சங்கம் நலிந்தபோது, 1753 ஆம் ஆண்டில் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் சீயத்திலிருந்து உபாலி தேரரை வருவித்தான். அப்போதும் பெண்களை எவரும் நினைக்கவில்லை. ஆண்களின் அறுந்த இழையை முடிந்துகொள்ளக் கப்பல்கள் ஓடின. பெண்களின் இழை அறுந்தபோது, 'அறுந்துவிட்டது, இனி இயலாது' என்பது சமய விதியாயிற்று.

கத்தரீன் டி அல்விஸ் என்ற பெண்மணியை நம் பெண்கள் அறிந்திருக்க வேண்டும். கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து பௌத்தத்தைத் தழுவிய இவர், பர்மா சென்று சீலம் ஏற்று, சுதர்மாசாரி என்னும் பெயருடன் 1905 ஆம் ஆண்டில் நாடு திரும்பினார். கண்டி கட்டுகலையில், தேசாதிபதியின் மனைவியார் பெயரால் 'லேடி பிளேக் உபாசிகாராமம்' 1907 இல் அமைந்தது. இன்று நாம் காணும் தசசில் மாதாக்களின் மரபு இவரிடமிருந்தே தொடங்குகின்றது. சங்கம் இடம் தரவில்லை. இவர் இடம் கேட்டுக் காத்திருக்கவும் இல்லை. தாமே ஒரு வாழ்க்கை முறையை வகுத்துக்கொண்டார். பிற்காலத்தில் ஜெர்மனியில் யூதக் குடும்பத்திற் பிறந்த அய்யா கேமா என்னும் துறவி, தொடந்துவையில் பரப்புதுவ என்னும் சிறு தீவைப் பெண் துறவியருக்கான இடமாக்கினார் என்பதையும் இங்கே குறித்துச் செல்கிறேன்.

பின்னர் 1996 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில், புத்தர் முதலுரை நிகழ்த்திய சாரநாத்தில், கொரியப் பிக்குணிகளின் துணையுடன் இலங்கைப் பெண்கள் பதின்மர் உபசம்பதை பெற்றனர். அவர்களுக்கு முன்னின்றவர் குசுமா தேவேந்திரா. ஆறு பிள்ளைகளின் தாய். பிக்குணி விநயத்தை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். இவர் 2021 ஆம் ஆண்டில் காலமானார். 1998 இல் புத்தகயாவில் தாய்வான் துறவியரின் ஏற்பாட்டில் மேலும் பலர் உபசம்பதை பெற்றனர். அவ்வாண்டு மார்ச் மாதத்தில், இனாமலுவே ஸ்ரீ சுமங்கல தேரரின் ஆதரவில் தம்புள்ளையிலேயே, இலங்கை மண்ணில், அச்சடங்கு நிகழ்ந்தது. இலங்கைப் பெண்கள் 433 ஐ ஒட்டிக் கடல் கடந்து கொண்டுபோய்க் கொடுத்த கடனைச் சீனமும் கொரியாவும் திருப்பிக் கொடுத்தன என்றே எனக்குத் தோன்றுகிறது. பெரும் நிக்காயங்களின் மகாநாயக்கர்கள் அவ்வாறு கருதவில்லை. கிழக்காசியச் சங்கம் மகாயான நாடுகளில் வளர்ந்தது, அதன் விநய நூல் வேறு, அது தேரவாத மரபாகாது என்பது அவர்கள் வாதம். மறுபக்கத்து விநய வல்லுநரோ, தொடக்க காலத்தில் பிக்குகளே பெண்களுக்கு உபசம்பதை அளிக்கப் புத்தர் இசைந்தார், அந்த இசைவை அவர் பின்னர் இரத்துச் செய்யவில்லை என்பர். நூல் வழக்கு நூலோரிடமே இருக்கட்டும். எனினும் ஒன்று: தாய்லாந்தில் 1928 முதல் பெண்களுக்குத் துறவளிக்கத் தடை இருப்பதால், தம்மானந்தா என்னும் தாய்லாந்துப் பேராசிரியை 2003 இல் இலங்கைக்கு வந்தே பிக்குணியானார். கொடுக்கும் நாடாக இலங்கை மீண்டும் ஆகிவிட்டது. தன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெயர் கொடுக்கத்தான் தயங்கிற்று.

இவ்விடத்தில், பெண்களின் பக்கம் நின்று எழுதுவோர் பலர் மறைத்துவிடும் ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். தசசில் மாதாக்கள் அனைவரும் பிக்குணியாக விரும்புகின்றனர் என்பது உண்மையன்று. தெசா பர்த்தலோமியுஸ் என்னும் அறிஞர் இலங்கைப் பெண் துறவியர் பற்றி 1994 இல் ஒரு நூல் வெளியிட்டார். அதனைப் படித்தபோதுதான் இதன் நியாயம் எனக்கு விளங்கிற்று. பிக்குணியானால் எட்டுப் பெருவிதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். நூறாண்டு துறவில் நின்ற பிக்குணியும் அன்று துறவேற்ற பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்பது அவற்றுள் முதல் விதி. புத்தரை வளர்த்த தாயான மகாபிரஜாபதி கோதமியே, முதலில் அவ்விதிகளை மலர்மாலை போல் ஏற்றுக்கொண்டபோதிலும், பின்னொரு நாள், வணக்கம் துறவின் மூப்பை மட்டும் நோக்கியதாக இருத்தலாகாதா என்று ஆனந்தர் வழியாகக் கேட்டாள் என்றும், அது மறுக்கப்பட்டது என்றும் விநய நூலே சொல்கிறது. சங்கத்துக்கு வெளியே நிற்கும் மாணியோவுக்கு இந்தக் கட்டு இல்லை. தன் மடத்தைத் தானே நடத்துகிறாள். ஊராருக்குத் தானே போதிக்கிறாள். எந்தப் பிக்குவின் ஆணைக்கும் கீழ்ப்பட்டவளல்லள். பெயரை வாங்கிச் சுதந்திரத்தை விற்பதா என்று அவள் கேட்பது அறியாமையினால் அன்று.

எனக்கும் இதில் ஒரு தடுமாற்றம் இருந்தது. வெளியே நிற்பதில் அத்தகைய விடுதலை இருக்குமாயின், உள்ளே செல்லத் துடிப்பது எதற்கு? இந்தக் கேள்விக்கு விடை எனக்கு நூலில் கிடைக்கவில்லை. என் பெரியம்மாவின் வாழ்விலே கிடைத்தது.

வடமராட்சியில் எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்டுதோறும் கந்தபுராண படனம் நடக்கும். ஒருவர் செய்யுளைப் பதம் பிரித்து வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். இருவரும் ஆண்கள். பெரியம்மா இளவயதிலேயே கணவனை இழந்தவர். வெள்ளைச் சேலையும், மட்டை கிழிந்த ஒரு பழைய கந்தபுராணப் புத்தகமுமாக நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். பெண்கள் பக்கத்துத் தூணொன்றின் அருகே அமர்ந்திருப்பார். வாசிப்பவர் பதத்தைப் பிழையாகப் பிரித்தால் பெரியம்மாவின் உதடு சரியாக அசையும். அருகிலிருந்த சிறுமியான எனக்கு மட்டும் அது கேட்கும். ஒருமுறை வாசிப்பவர் காய்ச்சலில் விழுந்துவிட்டார். மாற்றாள் கிடைக்கவில்லை. "பிள்ளையின் பெரியம்மாவுக்கு முழுவதும் பாடம்தானே" என்று யாரோ ஒரு கிழவர் துணிந்து சொன்னார். கோயிற் பொறுப்பாளர் அதைக் கேளாதவர் போல் எழுந்து போனார். அன்று படனம் நடைபெறவில்லை. புராணம் ஒரு நாள் நின்றாலும் நிற்கலாம், பெண்குரலில் நடத்தல் கூடாது.

அன்றிரவு பெரியம்மா எங்கள் விறாந்தையில் கைவிளக்கை வைத்து, கோயிலில் விடுபட்ட பகுதியை முழுவதும் வாசித்துப் பயனும் சொன்னார். கேட்டிருந்தவர்கள் அம்மாவும் நானும் அயல்வீட்டுப் பெண்கள் நால்வரும். அதைவிட நல்ல பயன் நான் பின்னாளில் எங்கும் கேட்டதில்லை. முடிந்ததும் அம்மா, "அக்கா, இதைவிட அங்கே என்ன இருக்கிறது?" என்றார். பெரியம்மா புத்தகத்தை மூடிக்கொண்டு, "ஒன்றுமில்லைத்தான். ஆனால், வேண்டாமென்று சொல்ல வேண்டியவள் நானல்லவோ?" என்றார்.

தானாக வெளியே நிற்பதும் பிறரால் வெளியே நிறுத்தப்படுவதும் தூரத்திலிருந்து பார்ப்போர்க்கு ஒரே மாதிரித் தோன்றும். இவ்வேறுபாட்டை நான் அன்று உணர்ந்தேன். பிற்காலத்தில் தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் ஆலயத்தின் தலைமையைச் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி ஏற்று நடத்தியதையும், ஆலயந்தோறும் அவர் சொற்பொழிவாற்றியதையும் கண்டபோது பெரியம்மா அடைந்த மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. 2008 ஆம் ஆண்டில் மறைந்த அவ்வம்மையார், கருவறைப் பூசை ஆண்களுக்கே உரியதாயிருந்த ஓர் அமைப்பினுள் நின்றே, ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு அக்கோயிலை ஒரு தாய்வீடாக்கினார்.

நம் இலக்கியத்தில் இச்சிக்கலை நன்கறிந்தவர் சீத்தலைச் சாத்தனார். மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கச் செல்லுமுன், இளம்பெண்ணாகிய நீ கேட்டால் அவர்கள் சொல்லமாட்டார்கள் என்று முன்னரே அறிவுறுத்தப்பெற்று, ஆண் தவசியின் வடிவை எடுத்துக்கொள்கிறாள். அவ்வடிவில் அனைவரும் தங்கள் கொள்கைகளை அவளுக்கு விரித்துரைக்கின்றனர். ஆனால், காஞ்சியில் அறவண அடிகளைக் கண்டபோது அவள் சொல்வதுதான் நெஞ்சைத் தொடுவது: நான் பூண்டிருந்த அந்த வேற்றுருவைப் போலவே அச்சமயங்களும் செம்மையற்றவை, ஆதலால் மனங்கொள்ளவில்லை என்கிறாள். ஒரு பெண் பெண்ணாக நின்று கேட்க இடந்தராத உண்மை அவளுக்கு உண்மையாகப் படவில்லை. இறுதியில் அவள் நோன்பு ஏற்பது தன் சொந்த உருவிலேயே.

காரைக்காலம்மையார் வேறு வழி கண்டார். கணவன் விலகிய பின், இந்த அழகு எதற்கென்று உடலின் தசையை உதறிப் பேய்வடிவை வேண்டிப் பெற்றார். பெண்மை உலகின் கண்ணுக்கு வெறும் அழகாகவே தெரிவதாயின், அந்தக் கண்ணுக்கே எட்டாத வடிவை எடுத்துவிடுவது. சிறுவயதில் அது பக்தியின் உச்சம் என்று எனக்குக் கற்பிக்கப்பட்டது. இன்று படிக்கையில் அதனுள் ஒரு வழக்கும் இருப்பதாகத் தோன்றுகின்றது. பாளி நூல்கள் கூறும் சோமா தேரி இரண்டையும் செய்யவில்லை. சாவத்தியின் வனத்தில் தியானத்திலிருந்தவளிடம் மாரன் வந்து, சோறு வெந்ததா என்று இரு விரலால் நசுக்கிப் பார்க்கும் அளவே அறிவுடைய பெண்ணுக்கு முனிவர் அடையும் நிலை எட்டுமோ என்று எள்ளினான். நான் ஆண், நான் பெண் என்று எண்ணிக்கொண்டிருப்பவர் எவரோ அவரிடம் போய்ச் சொல் என்ற கருத்தில் விடையளித்து அவள் அவனை அனுப்பிவிட்டாள். வேடமுமில்லை, உடலை உதறலுமில்லை. இம்மூவருள் என் மனத்துக்கு மிக அணுக்கமானவள் சோமாவே. ஆயினும், அவளுக்கு அந்த மன அமைதி வாய்த்ததற்கு, அவள் அமர்ந்து தியானிக்க ஒரு சங்கமும் பிக்குணி என்ற பெயரும் அன்று இருந்ததும் ஒரு காரணமல்லவா?

நிற்க. வெலிமடையைச் சேர்ந்த பிக்குணி ஒருவர், தமது தேசிய அடையாள அட்டையில் பிக்குணி என்ற நிலையைக் குறிக்க ஆட்பதிவுத் திணைக்களம் மறுத்தமைக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்திருந்தார். வழக்குப் பல ஆண்டுகள் நடந்தது. 2025 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அம்மறுப்பு சட்டத்தின் முன் சமத்துவம் என்னும் உரிமையை மீறியது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கத்துக்குள் வழக்கு முடிந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. மகாநாயக்கர்கள் ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட முடியாது. அவ்வாறு ஆணையிடுவதை நானும் விரும்பேன்.

தீர்ப்பினைப் பத்திரிகையில் படித்தபோது கெக்கிராவையில் ஏறிய அம்மையாரை எண்ணிக்கொண்டேன். அன்று அநுராதபுரம் பழைய பஸ் நிலையத்தில் இறங்கியபோது, வெள்ளரசைத் தரிசிக்க மறுநாள் விடியற்காலையிலேயே போய்விட வேண்டும், நேரம் சென்றால் கூட்டத்தில் நிற்க முழங்கால் ஒத்துழைக்காது என்று சொல்லி, அருகிலிருந்த தாயின் பிள்ளையை ஆசீர்வதித்துவிட்டுப் போனார். இப்போது எழுபதை அண்மித்திருப்பார். உயிரோடிருந்தால், முழங்கால் வலியுடன் அந்த அலுவலகத்துப் படியேறி இன்னொரு முறை அப்படிவத்தை நிரப்பியிருப்பார். அல்லது, இனி எதற்கு என்று விட்டிருப்பார்.